பெங்களூருக்குப் பதினோரு நிறுத்தம்

"'அக்காவை ஏத்திக்கிட்டுப் போனா, இந்தக் கிறிஸ்மஸுக்குக் கிளம்பி அடுத்த கிறிஸ்மஸுக்குத்தான் பெங்களூரு போய்ச் சேருவோம்.' இது யாரு சொன்னது? நானா? போன தடவை வீட்டு வாசல்ல வண்டியை விட்டு இறங்கினதும் இறங்காததுமா நீங்க சொன்னது. ஒரு எழுத்து மாத்தலை."

பயணத் திட்டம் எழுதிய தாளைப் பேனாவால் தட்டினாள் பவுலின்.

"ஏதோ அலுப்பில சொல்லியிருப்பேன்" என்றார் டைட்டஸ். "அக்காவும் வரட்டுமே. பேரப்பிள்ளை ஞானஸ்நானம்லா."

"ஞானஸ்நானம்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு. நம்ம போய்ச் சேர வேண்டாமா?"

மூத்த மகள் பெனிஷா இருப்பது பெங்களூரில். அவள் குழந்தைக்கு டிசம்பர் இருபத்துநாலு மாலை ஞானஸ்நானம். ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் முந்நூறைத் தாண்டிவிட்டது. பஸ்காரன் கேட்கிற கட்டணத்துக்குப் பறந்தே போய்விடலாம். டைட்டஸ் கணக்கு வாத்தியார். இருபத்துமூணு வரை அரையாண்டுத் தேர்வு. ஆக, இருபத்துநாலு காலை ஐந்து மணிக்குப் பாளையங்கோட்டையில் காரை எடுத்தால்தான் உண்டு. 'என் வண்டி ஸ்டீயரிங்கை வேறொருத்தன் தொடப்படாது' என்று டைட்டஸ் சொல்லிவிட்டதால் டிரைவர் போடுகிற பேச்சுக்கும் இடமில்லை.

சின்ன மகள் கிறிஸ்டி செல்போனில் வழி பார்த்தாள்.

"அறுநூத்திச் சொச்சம் கிலோமீட்டர். பதினோரு மணி நேரம்னு காட்டுதும்மா. லீவுக் கூட்டம், டோல்கேட் வரிசை எல்லாம் சேத்துப் பன்னெண்டு."

"அஞ்சுக்குக் கிளம்பினா அஞ்சுக்குச் சேரலாம். மூஞ்சியைக் கழுவிச் சேலை மாத்த ஒரு மணி நேரம். சரியா இருக்கும். இப்ப உங்க அத்தையச் சேத்துக் கணக்குப் போடு."

"அத்தை வந்தா பதினஞ்சு." கிறிஸ்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோவில்பட்டி, விருதுநகர், வாடிப்பட்டி, வேடசந்தூர், கரூர்... போன தடவை பதினோரு இடம். நான் எண்ணினேன்."

அத்தை என்பது ஹெப்சிபா. டைட்டஸின் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்றபின் இவர்களோடு இருக்கிறாள். வீட்டில் இருக்கிற இடமே தெரியாது. காரில் முன் சீட்டில் ஏறினால் மட்டும் மணிக்கொரு தரம், 'தம்பி, ஓரமா நிப்பாட்டு, ஒண்ணுக்கு வருது' என்பாள்.

"டாக்டர்ட்ட காட்டுங்க மதினின்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியாச்சு. 'அதெல்லாம் ஒண்ணுமில்ல'ங்காவ. கோயில்ல மூணு மணி நேரம் ஆராதனை. ஒரு தடவை எந்திரிக்காவளா? ஆணியடிச்ச மாதிரி இருக்காவ. வண்டியில ஏறினாத்தான் வருமாக்கும்! வீம்பு. எல்லாரும் தனக்காகக் காத்துக் கிடக்கணும்ங்கிற வீம்பு."

"பையப் பேசு பவுலின். அடுப்படியில இருக்கா."

"கேக்கட்டும்."

கேட்டுவிட்டது. அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த ஹெப்சிபா மாவுக் கையோடு வந்து நின்றாள்.

பவுலினுக்கு ஒரு கணம் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் தொடங்கினதைப் பாதியில் விடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"மதினி, தப்பா எடுத்துக்காதிய. அந்த ஆறு மணியைத் தவற விட்டா, போதகர் இனி ஈஸ்டருக்குத்தான் தேதி தருவாராம். இந்த ஒரு தடவை நீங்க வீட்டுல இருங்க. பொங்கலுக்குப் பெனிஷா பிள்ளையத் தூக்கிட்டு வருவா, ஆசை தீரக் கொஞ்சலாம். துணைக்குப் பக்கத்து வீட்டு ரைஹானத் இருக்கா."

டைட்டஸ் நிமிரவில்லை. 'அக்கா இல்லாம நான் வண்டியை எடுக்க மாட்டேன்' என்பார் என்று பவுலின் எதிர்பார்த்தாள். அதற்கு ஒரு பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள். அது தேவைப்படவில்லை.

"சரி" என்றாள் ஹெப்சிபா. "நேரத்துக்குப் போய்ச் சேரணும், அதான் முக்கியம். நான் இங்கன இருந்துக்கிடுதேன்."

இவ்வளவு லேசாக முடியும் என்று பவுலின் நினைக்கவில்லை. மதினி கொஞ்சம் சண்டை போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பேனாவைத் திறந்து, தாளில் ஹெப்சிபா பெயரை அடித்தாள்.

அடுப்படிக்குத் திரும்பப் போன ஹெப்சிபா நின்றாள்.

"ஏட்டி கிறிஸ்டி, முன் சீட்டுல நீ இரு. போனை நோண்டாம அப்பா மூஞ்சியையே பாத்துக்கிட்டு வா."

"என்னத்துக்கு அத்தை?"

ஹெப்சிபா தம்பியைப் பார்த்தாள். பிறகு மாவு ஒட்டிய விரல்களைப் பார்த்தாள்.

"சொல்லப்படாதுன்னுதான் இருந்தேன். ரெண்டு வருசம் முந்தி மதுரைக்குப் போயிட்டு வரையில, கயத்தாறு பக்கம் வண்டி ரோட்டை விட்டு இறங்கப் பாத்துது. நீங்க ரெண்டு பேரும் பின்னால தூங்குனிய. முன்னால இவனும் தூங்கிட்டான். நான் கிள்ளின கிள்ளுலதான் முழிச்சான். 'பவுலின்ட்ட சொல்லிராதக்கா, அப்புறம் ஸ்டீயரிங்கைத் தொட விடமாட்டா'ன்னான். ஒரு மணி நேரம் ஓட்டினா அவனுக்குக் கண்ணு சொருகும். தூக்கம் வருது, நிப்பாட்டுதேன்னு சொல்லக் கௌரவம் விடாது. ஒரு டீயைக் குடிச்சு மூஞ்சியைக் கழுவினாச் சரியாயிருவான்."

கிறிஸ்டி செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அதனால உங்கள்ல ஒருத்தர் மணிக்கொரு தரம், ஒண்ணுக்கு வருது, நிப்பாட்டுங்கன்னு சொல்லணும். நெசமா வரணும்னு இல்ல."

பவுலின் புருஷனைப் பார்த்தாள். டைட்டஸ் மேஜை விரிப்பில் இருந்த பூவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"யாரு சொல்லுதிய?" என்று கேட்டாள் ஹெப்சிபா.