டெட்ராய்ட்டின் கடைசி ஆட்டம்

"மில்லருக்கு முட்டி வீங்கித்தான் கீது. ஆனா பந்த மார்ல அணைச்சிகினு ஓடினான் பாரு, நாலு பேரு மேல வுழுந்தும் நிக்கல. கோட்டத் தாண்டிட்டான். டெட்ராய்ட்டு பைனலுக்கு வந்தாச்சு."

சவரிநாதன் சொல்லி முடித்த பிறகுதான் ராயபுரம் டீக்கடையில் கிளாஸ்கள் மறுபடி அசைந்தன. திங்கட்கிழமை காலையில் துறைமுகத்துக்குப் போகிற வழியில், அமெரிக்காவில் நடந்த ஆட்டத்தை அவர் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் போவார். ரேடியோவில் கேட்டது என்பார்.

"ஃபுட்பால்னு சொல்லிட்டு பந்த இன்னாத்துக்குக் கையில புடிக்கிறான்?" என்றார் புதிதாக வந்த ஒருவர்.

"சந்திரனுக்கே போய்ட்டு வந்தவன் அமெரிக்காக்காரன். அவன் இஷ்டம்," என்றார் கடைக்காரர் ஷாகுல் ஹமீது. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

ஜெயவேலுக்கு எண்ணூர் லாரிக் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. டெட்ராய்ட் மோட்டார் செய்கிற ஊர் என்று தெரிந்த நாளிலிருந்து அது அவனுடைய டீம். அவன் பேசிப் பேசியே கடை மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

"பைனல்ல எதிர்ல வர்ற பாஸ்டன்காரன் எப்டி நைனா?" என்றான் ஜெயவேல்.

"சொம்மா சொல்லக்கூடாது, பலமான டீமுதான். வர்ற ஞாயித்துக்கெழம தெரிஞ்சிடும்."

ஆனால் அப்படி ஓர் ஆட்டம் உலகத்தில் எங்கேயும் நடக்கவில்லை. சவரிநாதன் வீட்டு ரேடியோ பாடி வருஷக்கணக்காகிறது.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். முன்பொரு மழைக்காலத்தில் அமெரிக்கக் கோதுமைக் கப்பல் ஒன்று, சரக்கை இறக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தது. மழை விடும்வரை அதன் மாலுமி ஒருவன் இவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அவன் ஊர் ஃபுட்பாலைப் பகடை உருட்டி ஆடும் ஓர் அட்டை விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தான். போகும்போது அதை இவரிடமே கொடுத்துவிட்டுப் போனான். பச்சை நிற மைதானம், இரண்டு பகடை, எந்த எண் விழுந்தால் எத்தனை கஜம் என்று ஓர் அட்டவணை. அவ்வளவுதான்.

மனைவி சிலுவையம்மாள் இறந்த பிறகு அந்தப் பெட்டியை எடுத்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் சாயங்காலம்வரை பேச ஆள் கிடையாது. பாயில் மைதானத்தை விரித்து, டீம்களுக்கு ஊர் வைத்து, ஆட்டக்காரர்களுக்குப் பெயர் வைத்து, தானே உருட்டி, தானே ஆட்டத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்துக்குப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஜெயவேலின் மனைவி தாயம்மா அம்மி அரைப்பதை நிறுத்தியிருப்பாள்; அவர்கள் கண்ணயர்கிற நேரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

"தனியா எப்டிப்பா ஞாயித்துக்கெழமய ஓட்ற?" என்று ஒருநாள் ஷாகுல் ஹமீது கேட்டார். அந்தக் குரலில் இருந்த இரக்கம் தாங்காமல், "ரேடியோல மேட்ச் கேக்குறேன் பாய்," என்று சொல்லிவிட்டார். என்ன மேட்ச் என்று கேட்டார்கள். அங்கே ஆரம்பித்தது.

பைனல் நாள் வந்தது. சவரிநாதன் சாப்பாட்டைக்கூட மறந்து பாயில் உட்கார்ந்தார். பாஸ்டன் மூன்று பாயிண்ட் முன்னால் இருந்தது. டெட்ராய்ட்டுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. பந்து மில்லர் கையில், கோடு பக்கத்தில். நாலோ அதற்கு மேலோ எது விழுந்தாலும் கோப்பை டெட்ராய்ட்டுக்கு.

உருட்டினார். இரண்டு பகடையிலும் ஒற்றைப் புள்ளி.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் இருக்கும் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. "வெள்ளிக்கெழம தொழுகையில ஒன் ஆளு முட்டிக்கும் சேத்துக் கேட்டுக்கினேன்பா," என்று ஷாகுல் ஹமீது சொல்லியிருந்தார். கை தானாகப் போய்ப் பகடையை எடுத்தது. யார் பார்த்தார்கள்?

திரும்பவும் கீழே வைத்துவிட்டார். அந்த அறையில் அவர் சொல்படி கேட்காதது அந்தப் பகடை ஒன்றுதான். அதையும் தன் இஷ்டத்துக்குத் திருப்பிவிட்டால், அப்புறம் அங்கே அவரைத் தவிர யாருமே இல்லை.

மறுநாள் கடைக்குப் போகாமல் வேறு தெரு வழியாகப் போய்விடலாமா என்று நினைத்தார். கால் வழக்கமான பக்கமே திரும்பியது. பெஞ்சில் இடம் விட்டு வைத்திருந்தார்கள்.

"தோத்துட்டாங்க," என்றார். "கோட்டாண்ட வந்து மில்லரு வுழுந்துட்டான். மூணு பாயிண்ட்ல போச்சு."

ஷாகுல் ஹமீது பாய்லர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து வேலைக்குக் கிளம்பினார்கள். இனி திங்கட்கிழமை இவர்களிடம் என்ன பேசுவது என்று சவரிநாதனுக்குத் தெரியவில்லை. டீ ஆறி ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

ஜெயவேல் மட்டும் போகாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வெளியே சரக்கு ரயில் ஒன்று முழுவதும் கடந்து போனது. பிறகு அவர் தோளில் கை வைத்து, மெதுவாகச் சொன்னான்:

"இன்னொரு தபா உருட்டியிருக்கலாமே நைனா."