ஒன்றரை எச்.பி. ஆங்கிலம்

வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

திரையில் முதல் படம் தயாராக நின்றது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து அவளே செய்த படங்கள்.

ஏசி அறை. கண்ணாடிக் கதவு. டென்மார்க்கிலிருந்து வந்த மூன்று பேர். நடுவில் இருந்த பெரியவரின் முன்னால் ஒரு கடிதம். ஆர்டரை ரத்து செய்யும் கடிதம். கையெழுத்து மட்டும் பாக்கி.

அனுப்பிய மோட்டார்களில் அறுபது, போன இடத்தில் எரிந்துபோயிருந்தன.

முதலாளியின் மருமகன் நவநீதன் காரணத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். வைண்டிங் பெண்கள் கம்பியைச் சரியாகச் சுற்றவில்லை. பதினான்கு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது.

அவள்தான் அந்தப் பதினான்கு பேருக்கும் மேற்பார்வை. உண்மைக் காரணம் அவளுக்குத் தெரியும்.

"அஞ்சு நிமிசம் தாரேன் அம்மணி," என்று முதலாளி சொல்லியிருந்தார். "அவங்களுக்குப் புரியற மாதிரி இங்கிலீஷ்ல சொல்லீரு. முடியலீன்னா மாப்ளை பேசட்டும்."

ஒரு நிமிடம் போய்விட்டது.

பேச்சு ஏன் வரவில்லை என்றால், அறை அமைதியாக இருந்தது. வேறொன்றுமில்லை.

மூன்று மாதமாக அவள் ஆங்கிலம் பழகியது சோதனைக் கூடத்தில். சாப்பாட்டு நேரத்தில். இருபத்திரண்டு மோட்டார்கள் ஒன்றாக ஓடும் இடம். என்ன பேசினாலும் யார் காதிலும் விழாது. விழாததால் யாரும் சிரிக்கவும் மாட்டார்கள்.

மோட்டார்கள் கேட்டுக்கொண்டன. ஒன்றே ஒன்று மட்டும் ஒருநாள் பாதியில் நின்றது. நேற்று நடந்ததை அவள் இன்று நடப்பதுபோலச் சொல்லியிருந்தாள். திருத்திச் சொன்னதும் ஓடியது. அந்தக் கூடத்தில் வேலை பார்க்கும் நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

இங்கே ஓடுவதற்கு ஒன்றுமில்லை. சொற்கள் தொண்டை வரை வந்தன. எட்டிப் பார்த்தன. அமைதியைக் கண்டு வந்த வழியே திரும்பின.

இரண்டாவது நிமிடம்.

நவநீதன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

ஓடிவிட்டாள் என்றுதான் உள்ளே நினைத்தார்கள்.

வெளியே வைண்டிங் பெண்கள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்கள். முன்னால் சிவகாமி.

"என்னக்கா, அதுக்குள்ள முடிஞ்சுதா?"

"இன்னும் தொடங்கவே இல்ல. ஒண்ணரை எச்.பி. மோட்டார் ஒண்ணு தூக்கிட்டு வா. நல்லாச் சத்தம் போடறதாப் பாத்து."

"ஏசி ரூமுக்கா? உனக்கென்ன கோட்டி புடிச்சிருச்சா?"

"கேக்காத. தூக்கு."

இரண்டு பேர் தூக்கி வந்து தரையில் வைத்தார்கள். அவள் பிளக்கைச் செருகினாள். சுவிட்சைப் போட்டாள்.

மோட்டார் உறுமியது. கண்ணாடிக் கதவு நடுங்கியது. டென்மார்க்காரர்கள் நாற்காலிகளைப் பின்னுக்குத் தள்ளினார்கள்.

அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"குட் மார்னிங், ஜென்டில்மென்."

அதன் பிறகு வந்தது ஆங்கிலம்.

சோதனைக் கூடத்து அளவில் வந்தது. மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டில்கள் ஓரத்துக்கு நகர்ந்தன. வெளியே வேப்பமரத்தில் இருந்த காகங்கள் அடுத்த மரத்துக்கு மாறின. மூவரில் ஒருவர் காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பதினோரு வருடமாகக் கழற்றாததாம்.

கம்பியில் பிழை இல்லை, என்றாள். சுற்றிய கம்பியை வார்னிஷில் முக்கி எட்டு மணி நேரம் ஓவனில் வைக்க வேண்டும். லாரிக்கு நேரமாகிறது என்று நான்கு மணி நேரத்தில் எடுத்தோம். ஈரம் உள்ளேயே தங்கியது. எரிந்தது.

யார் எடுக்கச் சொன்னது என்று சொல்லவில்லை. எடுத்தோம் என்றாள்.

நவநீதன் உட்கார்ந்தார்.

அப்போது பெரியவர் மெல்ல எழுந்தார். சுவர் ஓரமாக நடந்தார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சுவிட்சை அணைத்தார்.

மோட்டார் நின்றது.

முதலாளி கண்களை மூடிக்கொண்டார். கதவுக்கு வெளியே சிவகாமி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

ஒரு சொல்கூட இடறவில்லை. குரல் மட்டும், யாரோ கைபிடித்து இறக்கியதுபோல, படிப்படியாக அறையின் அளவுக்கு இறங்கியது. அப்படி ஒரு குரலை அந்தத் தொழிற்சாலையில் யாரும் கேட்டதில்லை. அப்படி ஒன்று தன்னிடம் இருப்பது அவளுக்கும் தெரியாது.

காகங்கள் வேப்பமரத்துக்குத் திரும்பி வந்தன. ஒன்றும் கத்தவில்லை.

ஓவனின் படம். அடுத்து, பதினான்கு பெண்களின் கைகள். இதே கைகள் சுற்றி, எட்டு மணி நேரம் வெந்த மோட்டார்கள் இரண்டாயிரம். ஒன்றுகூட எரியவில்லை.

முதலாளிக்கு ஐந்து நிமிடம் மறந்துபோனது. டீ கொண்டுவந்தவர் தட்டோடு நின்றார். டீயில் ஆடை படிந்தது. தட்டு ஆடவில்லை.

பெரியவர் தன் முன்னால் இருந்த கடிதத்தைக் கவிழ்த்துப் போட்டார். வெள்ளைப் பக்கம். அதில் குறிப்பெடுக்கத் தொடங்கினார். மேலிருந்து கீழ்வரை நிறைந்தது. பிறகு ஓரங்களில் எழுதினார்.

கடைசிப் படம்.

"தேங்க் யூ," என்றாள்.

யாரும் கைதட்டவில்லை. மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

சத்தத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று ஆங்கிலத்திலேயே சொல்லிக்கொண்டு, அவள் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

கை பாதியில் நின்றது.

குனிந்து மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

சில்லென்று இருந்தது.