நாற்காலிக் கம்பெனி

"வாய்யா, வா! எத்தனை வருஷமாச்சு உன்னைப் பார்த்து!"

முதலாளி எழுந்து வந்து கட்டிக்கொண்டார். பிறகு தன் இடத்தில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார். வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அறையில் வேறு நாற்காலியே இல்லை.

கண்ணாடிக்கு அப்பால் பிளாஸ்டிக் நாற்காலிகள் கூரையைத் தொடுகிற மாதிரி அடுக்கியிருந்தன. வேலை கேட்டு இவர் வருகிறார் என்று மனைவி சொன்னதுமே, அறையில் கிடந்த மற்ற நாற்காலிகளையெல்லாம் வெளியே தூக்கிப் போடச் சொல்லிவிட்டார் முதலாளி.

முதலாளி ஒரு காலத்தில் மந்திரி. வந்தவர் அவருடைய தேர்தல் ஏஜென்ட். முதலாளி தேர்தலில் தோற்றதும் கட்சி கைகழுவியது, வழக்குகள் துரத்தின. மனைவி பேரில் கம்பெனி ஆரம்பித்து மறுபடியும் தலையெடுத்தார். 'பதவி போனாலும் நாற்காலியை விடலை பாரு' என்று ஊரே சிரித்தது. சிரித்தவர்களை அவர் விட்டுவிட்டார். ஏஜென்ட்டை மட்டும் விடவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த இடத்துக்கெல்லாம் போன் போட்டு வேட்டு வைத்தார்.

"என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு பேச்சு," என்றார் முதலாளி. "ஜனங்க கையைத் தொட்டுட்டு வந்தா சோப்புப் போட்டு மாளலைன்னு வீட்டுல சாப்பிடறப்ப விளையாட்டாச் சொன்னேன். மறுநாள் எல்லார் போன்லயும் என் குரல். அன்னைக்குச் சாப்பிட உட்கார்ந்தது நீயும் நானும்தானே?"

"சத்தியமா நான் இல்லீங்கய்யா. பாப்பாவைப் பறிகொடுத்துட்டு நீங்க நின்ன நேரம். அப்பப் போய்த் துரோகம் பண்ண மனசு வருமா?"

"என் மக பேச்சை எதுக்குய்யா இழுக்கிற?"

மனைவி இரண்டு டம்ளர் டீயோடு உள்ளே வந்தாள். முதலாளி ஒன்றை எடுத்துக்கொண்டு, "அவனுக்கு வேண்டாம்" என்றார்.

"கால்ல விழு. செஞ்சது நான்தான்னு ஒத்துக்க. வாட்ச்மேன் வேலை தரேன்."

ஏஜென்ட்டின் முகம் கறுத்தது. வீட்டு நிலைமை கண்முன் வந்திருக்க வேண்டும். மெல்லக் குனிந்தார். முதலாளிக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதற்காகத்தானே இத்தனை வருஷம்!

"விழாதீங்கண்ணே," என்றாள் மனைவி. "உங்களை வரச் சொன்னது நான். நாளையிலேருந்து நீங்கதான் இங்க மேனேஜர்."

"யாரைக் கேட்டு?" முதலாளி சீறினார்.

"யாரைக் கேக்கணும்? கம்பெனி என் பேர்ல இருக்கு."

"இந்தத் துரோகிக்கா?"

அவள் குரல் உயரவில்லை. "பாப்பா வெளியூர் ஆஸ்பத்திரியில கிடந்து 'அம்மா, வா'ன்னு கூப்பிட்டப்ப, உங்ககிட்ட கெஞ்சிக் கார் கேட்டேன். ரெண்டு காரும் பிரசாரத்துக்கு வேணும்னீங்க. பஸ் மாறி மாறி நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. உங்க மேல இருந்த ஆத்திரத்துல இந்த அண்ணன் தலையில பழி விழுந்ததைப் பார்த்துட்டும் வாயை மூடிட்டு இருந்தேன். அந்தப் பாவத்தை இன்னைக்காவது தீர்க்கணும்."

முதலாளி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நீ என்னடி பாவம் பண்ணினே?"

"உங்க பேச்சைப் பதிவு பண்ணி அனுப்பினது நான்."