மலையடியில் குளிரும்

“பைனாகுலர் வேண்டாம் மகள். வழியிலை செக் பண்ணுவினம். அந்தக் குருவி கிட்ட வந்து நிக்கும், வெறுங்கண்ணாலையே பாக்கலாம்.”

நஜீம் அதை இஷ்ராவின் கையிலிருந்து வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். மாத்தளைப் பக்கம் மலையடிவாரத்தில் நீல வாலும் சிவந்த சொண்டுமாக ஒரு குருவி இருக்கிறது, ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்று அவர் சொல்லி வருடக்கணக்காகிறது. அந்த ஒருநாள் இன்று காலையில் திடீரென்று வந்துவிட்டது. நல்லவேளையாக, மகள் இரவு இழுப்பில்லாமல் தூங்கி எழுந்திருந்தாள்.

“ஆளுக்கு ஒரு பாக்தான். வவுனியா மட்டும் உழவு மெசின் பெட்டியிலை போவம். அங்காலை பஸ்.”

“எத்தினை நாளைக்கு வாப்பா?”

“ரெண்டு மூண்டு நாள்.”

சாயம் போகாது என்று சத்தியம் பண்ணக்கூடத் தெரியாத துணி வியாபாரி அவர். அதற்கு மேல் பேசினால் உளறிவிடுவோம் என்று குசினிக்குள் போய்விட்டார்.

அங்கே மனைவி ஸாலிஹா அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள். “வழியிலை பிள்ளைக்கு இழுத்தா என்ன செய்யிறது?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

இஷ்ராவுக்குத் தொய்வு. பயந்தாலோ அழுதாலோ மூச்சு அடைத்துவிடும். போகிற வழியெல்லாம் காடு, ஆஸ்பத்திரி கிடையாது, வீட்டில் மிஞ்சியிருந்ததும் ஒரேயொரு குளிசைதான்.

“அதுக்குத்தான் சொல்லுறன், நீர் அழாதையும். நீர் அழுதா அவளும் அழுவாள். குருவி பாக்கப் போறம், அவ்வளவுதான்.”

ஸாலிஹா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, இருந்த அரிசி முழுவதையும் முற்றத்தில் இறைத்தாள்.

“மூண்டு நாளைக்கு இவ்வளவு அரிசியா உம்மா?” இஷ்ரா பின்னால் வந்து நின்றாள்.

ஸாலிஹா வெறும் அரிசிப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். “உங்கடை உம்மாடை கோழியள் பொல்லாத சாப்பாட்டு ராமன்கள் மகள்,” என்று நஜீம்தான் ஓடிவந்து சமாளித்தார்.

ஒழுங்கையில் யாரோ குரலெடுத்து அழுவது கேட்டது.

“ஆர் வாப்பா அழுறது?”

“ஆரோ மவுத்தாம்.”

மவுத்தானது யார் என்று அவள் கேட்கவில்லை. நஜீமுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உள்ளே போன இஷ்ரா திரும்பி வந்தபோது குண்டாகத் தெரிந்தாள். அந்தப் புழுக்கத்தில் மூன்று சட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டிருந்தாள்.

“மலையடியிலை குளிருமெல்லோ?”

நஜீம் தன்னை மறந்து சிரித்துவிட்டார். பிள்ளை நம்பிவிட்டாள், இனி வவுனியா வரை கவலையில்லை என்று நினைத்தார்.

டிராக்டரின் பின்னால் கட்டிய மெசின் பெட்டியில் கால் நீட்டவும் இடமில்லை. ஏறியிருந்த அயலவர்கள் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. நஜீம் மகளை மடியில் இருத்தி, காதோடு காதாகக் குருவியைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார். அது எப்படிக் கத்தும், என்ன தின்னும், எந்த மரத்தில் கூடு கட்டும் என்று தெரிந்ததும் தெரியாததுமாக அளந்தார்.

தெரு வளைந்தது. பள்ளிவாசல் மினாரா பனைகளுக்குப் பின்னால் போய் மறைந்தது. அவருடைய கடையும் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது.

“அதின்ரை வால் இருக்கெல்லோ மகள், அது... நீலமா...”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. விம்மலில் தோள்கள் குலுங்கின. இவ்வளவு நேரமும் காத்ததை நானே கெடுத்துவிட்டேனே என்று பதறி, மகளின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். மூச்சு சீராக இருந்தது.

இஷ்ரா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். தனக்கு இழுக்கும்போதெல்லாம் அவர் சொல்வது போலவே சொன்னாள்.

“மெல்லமா மூச்சை இழுத்து விடுங்கோ. விடிய ஸ்பீக்கரிலை எங்கடை ஆக்களை ஊரை விட்டுப் போகச் சொல்லேக்கை நான் நித்திரை இல்லை, வாப்பா.”