பெயரில்லாத கட்டுரை

"எழுதிக்கோ. 'இந்தக் கட்டுரையை வாசித்த நேரத்தில் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.'"

மகள் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். "இப்படியே போடணுமாப்பா?"

"சரி, சரி, அதை எடுத்துடு. வாய்ல வந்துச்சு, சொன்னேன்."

பூச்சி வாத்தியார் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தில் தெரியாத ஆள் கிடையாது. பூச்சியியல் பேராசிரியர். கண் ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணுக்கு எழுத்து பிடிபடவில்லை. கொஞ்ச நாள் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சொன்னால் மனிதர் சும்மா இருப்பாரா? ஆய்விதழ் ஒன்று மதிப்பீட்டுக்கு அனுப்பியிருந்த கட்டுரையை மகளை வாசிக்கவிட்டு, சாய்வு நாற்காலியில் படுத்தபடியே தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார்.

கட்டுரை யாருடையது என்று இவருக்குச் சொல்ல மாட்டார்கள். மதிப்பிடுவது யார் என்று எழுதியவருக்கும் சொல்ல மாட்டார்கள். ஆய்விதழ்களில் அப்படித்தான் வழக்கம். முகம் தெரியாத ஆளைத் திட்டுவது எவ்வளவு சுலபம்!

"தெருவிளக்குக்குக் கீழ விழுற பூச்சியை உக்காந்து எண்ணியிருக்கான். மஞ்சள் விளக்குல இத்தனை, வெள்ளை விளக்குல இத்தனை. இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியாம்மா?"

"வெள்ளை விளக்கு மாட்டின தெருவுல விட்டில் குறைஞ்சிருக்குன்னு காட்டியிருக்காங்களேப்பா."

"மழை பெஞ்சாலும்தான் குறையும். அதை யோசிச்சானா?"

"மழை நாளைத் தனியாப் பிரிச்சு அட்டவணை போட்டிருக்காங்க. நீங்கதான் அட்டவணையெல்லாம் வேண்டாம், நேரா முடிவுரைக்கு வான்னு சொன்னீங்க."

"பக்கம் பக்கமா நம்பரை யாரு கேட்டுட்டிருக்கிறது? விஷயம் தெரிஞ்சவனா இருந்தா முதல் பக்கத்துலயே சொல்லியிருப்பான். எழுது. 'மழையின் தாக்கம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.'"

அவள் அட்டவணைப் பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

டீ கொண்டுவந்த அம்மாவுக்குக் காதில் விழுந்துவிட்டது. "யாரு பெத்த பிள்ளையோ, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. எவ்வளவு பாடுபட்டு எழுதிச்சோ."

"ஊரான் பிள்ளைக்கு வக்காலத்து வாங்கறதை விட்டுட்டு முதல்ல உன் பிள்ளையைக் கேளு. கடைசி வருஷம். இந்த மாசத்துக்குள்ள ஒரு கட்டுரையாவது ஏத்துக்கிட்டாங்கன்னு காட்டலைன்னா மேல ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடையாது. இவ என்னடான்னா பொழுது சாஞ்சா கிளம்பிடறா. ஊரெல்லாம் சுத்திட்டு, கால் பூரா கொசுக்கடியோட வந்து நிக்கறா. கட்டுரையைக் காட்டுன்னா மட்டும் காட்ட மாட்டா."

"வெளிவந்ததும் காட்டறேன்னு சொன்னேனேப்பா. உங்க பொண்ணுங்கறதால கிடைச்சுதுன்னு யாரும் பேசிடக் கூடாது."

"அந்த ரோஷம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா முதல்ல எழுதணுமேம்மா!" என்று அவர் சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

"சரி, கடைசி வரி. 'எழுதியவருக்கு ஆராய்ச்சி மனம் இல்லை. வேறு துறையைத் தேர்ந்தெடுப்பது அவருக்கும் நல்லது, துறைக்கும் நல்லது.'"

விசைப்பலகையில் சத்தமே இல்லை.

"என்னம்மா?"

"இந்த ஒரு வரி மட்டும் வேண்டாம்ப்பா. மனசு விட்டுப்போயிடும்."

"போகட்டும். இப்பவே சொன்னாத்தான் வேற வேலையைப் பார்ப்பான். நாளைக்கு வாழ்க்கையே வீணாப்போச்சேன்னு அழறதுக்கு இன்னிக்கு அழுதுட்டுப் போகட்டும்."

"திருத்தி அனுப்பச் சொல்லலாமே. ஒரு தடவை."

"நிராகரிப்புன்னு போடு." குரல் கறாராகியது. "இன்னொண்ணும் சொல்லிடறேன். எனக்குத்தான் கண்ணு தெரியலையேன்னு இரக்கப்பட்டு எதையாவது மாத்தி வச்சிடாதே. என் பேருல போறது என் வார்த்தையாத்தான் போகணும். நம்ம வீட்டுல திருட்டுத்தனத்துக்கு இடம் கிடையாது."

திரையில் மூன்று கட்டங்கள் இருந்தன. ஏற்பு, திருத்தம், நிராகரிப்பு. அவள் விரல் நடுக் கட்டத்தின் மேல் போய் நின்றது. அழுத்தினால் அவருக்குத் தெரியப்போவதில்லை. அவர் கட்டுப் போட்ட கண்ணோடு டீயை ஊதிக்கொண்டிருந்தார். அப்பா ஜென்மத்தில் யாரையும் ஏமாற்றியதில்லை. அந்த அப்பாவை ஏமாற்றி வாங்குவது எப்படி இனிக்கும்?

அவள் கடைசி வரியை எழுத்துப் பிசகாமல் எழுதினாள். மூன்றாவது கட்டத்தை அழுத்தினாள்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சுப்பா."

குரல் உடைந்திருந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட அசடே, முன்னபின்ன தெரியாத ஆளுக்காகவா அழற? அப்படியே உங்கம்மா." கையால் துழாவி அவள் தலையைத் தேடித் தடவிக் கொடுத்தார். "அடுத்தவன் சமாச்சாரம்னா நான் இப்படித்தான் கறாரா இருப்பேன். உனக்கு அப்படிச் செய்வேனா? அந்த ரோஷத்தையெல்லாம் மூட்டை கட்டி வை. போ, உன் கட்டுரையை எடுத்துட்டு வந்து வாசி. ஒரு அட்டவணையைக் கூட விட வேண்டாம், முழுசாக் கேட்கறேன்."

மகள் மடிக்கணினியை மெல்ல மூடினாள்.

"இப்பதான் வாசிச்சு முடிச்சேன்ப்பா."