சோபா இடுக்கில் ஒரு குரல்

படூர் அடுக்ககத்தின் ஆறாவது மாடியில், காலை வெயில் சோபாவரை வந்திருக்கிறது. செய்யூரிலிருந்து வேர்க்கடலை மூட்டையோடு வந்த அண்ணன் தேவராஜ், கடலை உரித்தபடி, போனைக் காணாமல் தேடும் தம்பி சாமைப் பார்த்துச் சிரிக்கிறார். "எப்ப அடிச்சாலும் உனுக்கு டவர் கெடைக்கறதில்ல. இன்னிக்கி பக்கத்துலயே கீறேன், இரு, ஒரு ரிங் வுடறேன்." சாமுக்குத் திக்கென்கிறது. "வேணாம்ணா" என்பதற்குள் அண்ணனின் கட்டைவிரல் பட்டன் போனை அழுத்திவிடுகிறது. வண்டி ஓட்டும்போது உதவட்டும் என்று சாம் வைத்திருக்கும், அழைப்பவர் பெயர் சொல்லும் பெண்குரல் சோபா இடுக்கிலிருந்து கணீரென்று எழுகிறது: "எடுக்காதே அழைக்கிறார். எடுக்காதே அழைக்கிறார்." அண்ணன் நம்பருக்கு அவன் போட்டு வைத்த பெயர். சாமின் காதுமடல் எரிகிறது. அண்ணன் அழைப்பைத் துண்டித்து, வேட்டியில் ஒட்டிய கடலைத்தோலைக் குனிந்து பொறுக்குகிறார். "டவர் நல்லாத்தான் கீது, தம்பி."