பேச ஓர் ஆள்

"அந்தம்மாவுக்கு என்ன திமிர் பாத்தீங்களா!"

சலவை ஆலைச் சுவரில் மேனேஜரம்மா ஒட்டியிருந்த நோட்டீஸை வாசித்துச் சொல்லிவிட்டு, வக்கீல் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

அடுத்த மாதம் முதல் ஆபீஸ் அறைக்குள் துணைக்கு ஆள் கூட்டி வரக் கூடாது. யாருக்கு எது வேண்டுமானாலும் அவரவரே வந்து, இந்த ஊர் பாஷையில் கேட்க வேண்டும். அவ்வளவுதான் நோட்டீஸ்.

வக்கீல் கோர்ட்டுப் படி ஏறியவரில்லை. பிழைக்க வந்த அந்த நாற்பது பேரில் ஊர் பாஷை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எல்லோருக்காகவும் ஆபீஸில் பேசுவார். அதனால் அந்தப் பெயர்.

"அவங்க பாஷையை நாம எதுக்குப் படிக்கணும்? நமக்குன்னு மானம் இல்லையா? யாரும் ஒரு வார்த்தை கத்துக்கக் கூடாது. நான் எதுக்கு இருக்கேன்?"

கைதட்டல் பறந்தது. துவைக்கிற பிரிவுப் பெண் ஒருத்தி மட்டும் தட்டவில்லை.

அவளுக்கு நாலாம் மாதம். மெஷினிலிருந்து உருவுகிற ஓட்டல் விரிப்புகள் தண்ணீரோடு பிணக்கனம் கனக்கும். போன வருஷம் அதைத் தூக்கித்தான் முதல் கரு கலைந்தது. இதையாவது காப்பாற்ற வேண்டும். மாடியில் காய்ந்த துணி மடிக்கிற மடிப்பு மேசைக்கு மாற்றச் சொல்லி, வக்கீல் மூலம் மூன்று முறை கேட்டாயிற்று.

மூன்று முறையும் அவர் உதட்டைப் பிதுக்கினார். "முடியவே முடியாதுன்னுட்டா தங்கச்சி. கல்நெஞ்சுக்காரி!"

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். "இனி நானே போய்க் கேட்டாத்தான் உண்டு."

அவன் துண்டைத் தலையில் கொண்டையாகச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தான். "நான்தான் மேனேஜரம்மா. கேளு."

"சிரிப்பு வருதுங்க."

"அங்கே போனா அழுகை வரும். இப்பவே பழகிக்கோ."

இந்த ஊர்க்காரியான பக்கத்து வீட்டுக்காரி பாஷை சொல்லிக்கொடுத்தாள். மெஷின் ஓடுகிற சத்தத்தில் இவள் முணுமுணுத்துப் பழகினாள். வக்கீல் கண்டுபிடித்துவிட்டார்.

"நம்ம ஆளுங்க மானத்தையே வாங்குறியேம்மா!"

அன்றிலிருந்து பாதிப்பேர் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அழவில்லை, பழகுவதையும் விடவில்லை.

ஒன்றாம் தேதி அறைக்குள் போனாள்.  முணுமுணுத்துப் பழகியதை உரக்கச் சொன்னாள்.

"வயித்துல குழந்தை. அஞ்சு மாசம். முன்னாடி ஒரு குழந்தை போச்சு. ஈரத்துணி வேண்டாம். மடிப்பு மேசை வேணும்."

மேனேஜரம்மா எழுந்தே விட்டாள். "இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"சொன்னேன். மூணு தடவை. வக்கீல்கிட்ட."

"மூணு தடவை வந்தார். கீழே எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, யாருக்கும் மாடி வேண்டாம்னு சொன்னார்."

அவளுக்குப் புரியவேண்டுமே என்று மேனேஜரம்மா நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"நாற்பது பேர். மூணு வருஷம். ஒரு குறைகூட வரல. எனக்குப் பயமாயிடுச்சு. அதான் நோட்டீஸ். நானும் உங்க பாஷையில நாலு வார்த்தை கத்துக்கிட்டிருக்கலாம். தப்பு என் பேர்லயும் இருக்கு."

"அவர் ஏன் அப்படிச் சொன்னார்?"

"உங்களுக்காகப் பேச ஆள் வேணுமேன்னு, துணி தூக்குற வேலையிலேர்ந்து அவரை எடுத்து உக்கார வெச்சிருந்தேன். குறையே வராம பாத்துக்கிறவர்னு என்கிட்ட பேர் வாங்கத்தான் எல்லாத்தையும் மறைச்சிருக்கார். நீங்களே பேசிட்டா அவருக்கு அந்த நாற்காலி ஏது?"

அவள் வெளியே வந்தாள். வாசலில் வக்கீல். அவர் பின்னால் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம்.

"என்ன தங்கச்சி, துரத்திட்டாளா?"

"இல்லண்ணே. இன்னிலேர்ந்து மாடிக்குப் போகச் சொல்லிட்டாங்க. நீங்க மூணு தடவை போய் என்ன சொன்னீங்கன்னும் சொன்னாங்க."

வக்கீல் கூட்டத்துக்குள் நழுவப் பார்த்தார்.

அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"கீழே ஈரத்துணி தூக்க, என் இடத்துக்கு உங்களைத்தான் போட்டிருக்காங்கண்ணே."